மருந்து விரதத்தை முறிப்பதில்லை



சில ஆண்டுகளுக்கு முன், நவராத்திரி தொடங்கச் சில நாட்களே இருந்தன. நாகபுரியில் நடந்த ஒரு சத்சங்கம் நிறைவுற்றதும் இரண்டு பெண்மணிகள் மேடையருகே வந்து நின்றனர். ஒருவர் ஏழு மாதக் கர்ப்பிணி. மற்றவர் அவருடைய மாமியார். மாமியார்தாம் முதலில் பேசினார்.

"சுவாமிஜி, ஒன்பது நாளும் உபவாசம் இருப்பது எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். இவளுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பட்டினி கூடாது, வேளை தவறாமல் சாப்பிட வேண்டும் என்கிறார். இவளோ, விரதத்தை விட்டால் அம்பாள் கோபித்துக்கொள்வாள், குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று அழுகிறாள். என் பேச்சைக் கேட்க மறுக்கிறாள். நீங்கள் சொல்லுங்கள்."

அந்தப் பெண் தலை குனிந்தபடி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சுவாமிஜி, நான் சாப்பிட்டால் பாவமா?"

இந்தக் கேள்வியை நாடெங்கும் பல ஊர்களில், பல வடிவங்களில் நான் கேட்டிருக்கிறேன். ஏகாதசியன்று மாத்திரை விழுங்கலாமா? மலையேறும்போது செருப்பு அணியலாமா? இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு பூஜையில் அமரலாமா? கேட்பவர்கள் நாத்திகர்கள் அல்லர். ஆழ்ந்த பக்தி உடையவர்கள். ஆகவே இதற்குத் தெளிவான விடை சொல்வது எம்மைப் போன்றோரின் கடமை.

உபவாசம் என்றால் என்ன?

'உப' என்றால் அருகில். 'வாசம்' என்றால் வசித்தல். இறைவனின் அருகில் வசிப்பதே உபவாசம். உணவு சமைப்பதிலும் உண்பதிலும் செல்லும் நேரத்தையும் மனத்தையும் அவன்பால் திருப்புவதற்காகவே உணவைக் குறைக்கும் முறை ஏற்பட்டது. உணவைக் குறைப்பது வழி. இறைவனருகே இருப்பது இலக்கு. பசியால் கை நடுங்கி, கண் இருண்டு, மனம் முழுவதும் உடம்பிலேயே ஒட்டிக்கொள்ளுமானால், அங்கே பட்டினி இருக்கிறது, உபவாசம் இல்லை.

நம் சாஸ்திரங்கள் கருணை மிக்கவை. குழந்தைகள், முதியோர், நோயுற்றோர், கர்ப்பிணிகள் ஆகியோருக்குக் கடும் விரதங்களிலிருந்து விலக்கு அளித்திருக்கின்றன. அது மட்டுமன்று; விரதத்தை முறிக்காதவை என்று எட்டுப் பொருள்களை நம் முன்னோர் வகுத்துள்ளனர். நீர், பால், பழம், கிழங்கு முதலியவற்றோடு குருவின் சொல்லையும், முடிவாக மருந்தையும் அந்தப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். மருந்து உட்கொள்வதால் விரதம் கெடுவதில்லை என்பது இக்காலத்தவர் செய்துகொண்ட சமாதானம் அன்று. அது மரபின் தீர்ப்பு. சிலருக்கு உணவே மருந்தாக விதிக்கப்படும்போது, வேளைக்கு உண்பதும் அந்த விதிக்குள் அடங்கும்.

பகவான் கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் யோகத்துக்குரியவனைப் பற்றிப் பேசுகையில், மிகுதியாக உண்பவனை மட்டுமன்றி, உண்ணவே உண்ணாதவனையும் விலக்கிவைக்கிறார். இந்த இரண்டாவது விலக்கை நம்மில் பலர் கவனிப்பதில்லை.

ஆகவே அந்தப் பெண்ணிடம் கூறினேன்: "அம்மா, நீ சாப்பிடுவதில் பாவம் ஏதுமில்லை. உன் வயிற்றில் வளர்வது அம்பாள் உன்னிடம் ஒப்படைத்த உயிர். அதைக் காக்க வேளை தவறாமல் உண்பதே இந்த நவராத்திரியில் உனக்கு விதிக்கப்பட்ட விரதம்."

கருவறையில் நடப்பது என்ன?

விதியின் காரணத்தை அறிந்தால் அதைப் பின்பற்றுவது எளிதாகும். கர்ப்பம் வளர வளர, நஞ்சுக்கொடியிலிருந்து சுரக்கும் சில ஹார்மோன்கள் தாயின் உடலில் இன்சுலினின் வேலையை மந்தமாக்குகின்றன. குழந்தைக்கு எந்நேரமும் சத்து கிடைக்க இயற்கை செய்த ஏற்பாடு இது. தாயின் கணையம் கூடுதலாக இன்சுலினைச் சுரந்து இதை ஈடுகட்ட வேண்டும். அது இயலாதபோது இரத்தத்தில் சர்க்கரை உயர்கிறது. இதுவே கர்ப்பகால நீரிழிவு.

தாயின் சர்க்கரை நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையிடம் செல்லும். தாயின் இன்சுலின் அவ்வாறு செல்வதில்லை. எனவே குழந்தை தன் சிறு கணையத்தைக் கொண்டே அந்தச் சர்க்கரையைச் சமாளிக்க முயல்கிறது. அதனால் குழந்தை அளவுக்கு மீறிப் பெருக்கலாம், பிரசவம் கடினமாகலாம், பிறந்த சில மணி நேரத்தில் குழந்தையின் சர்க்கரை திடீரென்று தாழலாம். தாய்க்கு இரத்த அழுத்தம் உயரும் அபாயமும் அதிகம். பெரும்பாலும் எந்த அறிகுறியும் தெரியாது. 'எனக்கு உடம்பில் ஒன்றும் இல்லை' என்று சொல்லிச் சோதனையைத் தவிர்ப்பது இதனால்தான் ஆபத்து.

சோதனை எளிது. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் செய்து, 2 மணி நேரம் கழித்து இரத்தத்தைப் பார்க்கிறார்கள். டெசிலிட்டருக்கு 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகால நீரிழிவு என்று கொள்கிறார்கள். இந்திய அரசின் வழிகாட்டுதலின்படி, கர்ப்பிணி முதன்முறை மருத்துவரைக் காணும்போது ஒருமுறையும், அப்போது இயல்பாக இருந்தால் 24 முதல் 28 வாரங்களுக்குள் மீண்டும் ஒருமுறையும் இதைச் செய்ய வேண்டும். இதற்கு வெறும் வயிற்றோடு செல்ல வேண்டிய கட்டாயம்கூட இல்லை. தொலைவிலிருந்து பேருந்தில் வரும் ஏழைக் கர்ப்பிணியைப் பட்டினியோடு அலைக்கழிக்கக் கூடாது என்ற பரிவு இம்முறையில் இருக்கிறது. இத்துறைக்காகத் தம் வாழ்நாளைச் செலவிட்ட சென்னை மருத்துவர் வீ. சேஷையாவின் பிறந்த நாளான மார்ச் 10, நம் நாட்டில் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாக அனுசரிக்கப்படுகிறது.

கண்டறிந்தபின் பலருக்கு உணவு ஒழுங்கும் நடையுமே போதுமானதாக இருக்கும். சுமார் இரண்டு வாரங்களில் கட்டுக்குள் வராவிடில் மருத்துவர் மருந்தோ இன்சுலினோ தருவார். 'ஊசி போட்டால் குழந்தைக்கு ஆகாது' என்ற அச்சம் வேண்டாம். குழந்தையைத் துன்புறுத்துவது கட்டுப்படாத சர்க்கரையே.

'எல்லாம் அவன் பார்த்துக்கொள்வான்'

இங்கே என் பிழை ஒன்றையும் உங்கள் முன் வைக்க வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன், ஓய்வுபெற்ற அன்பர் ஒருவர் என்னைச் சந்தித்தார். சரணாகதியைப் பற்றி நெடுநேரம் பேசினோம். விடைபெறும்போது, "எனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது சுவாமிஜி, மருந்து மாத்திரையிலேயே வாழ்க்கை போகிறது" என்றார். "கவலையை விடுங்கள், எல்லாம் அவன் பார்த்துக்கொள்வான்" என்று சொல்லி அனுப்பினேன். ஆறுதலாகச் சொன்ன சொல் அது. அவரோ அதை ஆணையாக ஏற்றுக்கொண்டார். மாத்திரைகளை நிறுத்தினார். அடுத்த கோடையில் வெறுங்காலுடன் ஒரு தலயாத்திரை சென்றார். சுடுகல்லில் பாதம் வெந்தது. அவருக்கு வலி தெரியவில்லை. ஊர் திரும்பிச் சில நாட்கள் கழித்து, துர்நாற்றத்தைக் கொண்டு வீட்டார்தாம் புண்ணைக் கண்டுபிடித்தனர். இரண்டு விரல்களை அகற்ற நேர்ந்தது.

மருத்துவமனையில் நான் அவரைக் கண்டபோது அவர் என்னைக் குறை கூறவில்லை. "என் பிராரப்தம்" என்றார். எனக்கு அந்தச் சொல் ஆறுதல் தரவில்லை. 'அவன் பார்த்துக்கொள்வான்' என்று சொன்ன நான், 'மருத்துவரின் கை வழியாகவும் அவனே பார்த்துக்கொள்கிறான்' என்ற அடுத்த வாக்கியத்தையும் சொல்லியிருக்க வேண்டும். அன்று முதல் அதைச் சொல்லாமல் யாரையும் அனுப்புவதில்லை.

நோய் பிராரப்தத்தால் வந்தது என்றால், மருந்தும், அதைக் கண்டுபிடித்த அறிஞரும், அதை வாங்க நமக்கிருக்கும் வசதியும் வேறெங்கிருந்து வந்தன? பசித்தால், 'இறைவன் விருப்பம்' என்று எவரும் உணவை விடுவதில்லை. தாகத்துக்குத் தண்ணீர் தேடுகிறோம். மருந்தின் முறை வரும்போது மட்டும் சரணாகதியை நினைவுகூர்ந்தால், அது சோம்பலோ அச்சமோ பக்தியின் ஆடையை உடுத்திக்கொண்டது என்றே பொருள்.

நீண்ட காலச் சர்க்கரையால் பாத நரம்புகள் உணர்விழக்கும். ஆகவே நீரிழிவு உள்ள யாத்திரிகர்கள் வெறுங்காலுடன் மலையேறுவதையும், வெயிலில் கற்றளத்தைச் சுற்றுவதையும் தவிர்க்க வேண்டும். சந்நிதிக்குள் மட்டும் காலணியைக் கழற்றலாம். வெயில் தாழ்ந்த வேளையில் செல்லலாம். அனுமதிக்கும் இடங்களில் காலுறை அணியலாம். இரவில் பாதபூஜை செய்வதுபோல் தம் பாதங்களைக் கழுவி, விரலிடுக்குகளைத் துடைத்து, வெடிப்போ கொப்புளமோ இருக்கிறதா என்று ஒளியில் பார்க்க வேண்டும். கண் மங்கியவர்களுக்கு வீட்டிலுள்ள பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும்.

பழைய நோய், புதிய அருள்

நீரிழிவு நம் நாட்டுக்குப் புதிதன்று. சுச்ருதரும் சரகரும் 'மதுமேகம்' பற்றி எழுதியுள்ளனர். நோயாளியின் சிறுநீரை எறும்புகள் மொய்ப்பதைக் கண்டு அதன் இனிப்பை அறிந்தனர். பிறவியிலேயே வந்து உடல் மெலிவிப்பது ஒன்று, உணவு மிகுதியாலும் உழைப்பின்மையாலும் வருவது மற்றொன்று என்று சுச்ருதர் பிரித்துக் காட்டினார். வசதியற்ற நோயாளி நூறு யோசனை தூரம் நடக்கட்டும், கிணறு வெட்டட்டும் என்றும் அவர் விதித்தார்.

சுவாமி விவேகானந்தரையும் இந்நோய் வருத்தியது. 1902 ஜூலை 4 அன்று, தம் 39-ஆம் வயதில் அவர் உடலை உகுத்தார். துறவியாயினும் அவர் சிகிச்சையை ஒதுக்கவில்லை. கவிராஜரின் கடும் பத்தியத்தை ஏற்று நடந்தார். அவர் மறைந்து 19 ஆண்டுகளுக்குப் பிறகே, 1921-ல், கனடாவின் டொரண்டோ நகரில் பேண்டிங்கும் பெஸ்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரியில் மரணத்தின் வாயிலில் இருந்த 14 வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதலாகச் செலுத்தப்பட்டது, அவன் பிழைத்தெழுந்தான். கண்டுபிடிப்பின் உரிமையை ஆளுக்கு ஒரு டாலர் என்ற பெயரளவு விலைக்குப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டனர். இதையும் நான் யக்ஞம் என்றே கருதுகிறேன். பேண்டிங் பிறந்த நவம்பர் 14 இன்று உலக நீரிழிவு நாள். நம் நாட்டில் அதுவே குழந்தைகள் நாளுமாக அமைந்திருக்கிறது. மகான்களுக்கும் கிடைக்காத மருந்து இன்று நமக்குக் கிடைக்கிறது. அதைத் தட்டிக்கழிப்பது அருளைத் தட்டிக்கழிப்பதாகும்.

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும், 13.6 கோடிப் பேருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருப்பதாக மதிப்பிட்டது. இதைப் படிக்கும் அன்பர்கள் வீடுகளிலும் யாரேனும் ஒருவருக்கு இருக்கக்கூடும்.

நித்திய விரதம்

ஏகாதசி மாதத்துக்கு இரண்டு முறை வரும். நவராத்திரி ஆண்டுக்கு ஒருமுறை. நீரிழிவு உள்ளவருக்கோ ஒவ்வொரு நாளும் விரத நாளே. அந்த நித்திய விரதத்தின் அங்கங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, காலம். சந்தியாவந்தனத்துக்கு நேரம் இருப்பதுபோல் உணவுக்கும் மருந்துக்கும் நேரம் இருக்கட்டும்.

இரண்டாவது, அளவு. அரிசியை விட்டுச் சப்பாத்திக்கு மாறினால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். எண்ணிக்கையின்றி உண்டால் சப்பாத்தியும் சர்க்கரையை ஏற்றும். தட்டில் பாதி காய்கறியும் கீரையும், கால் பங்கு பருப்பு, பயறு, தயிர் போன்றவையும், கால் பங்கு சோறோ ரொட்டியோ இருந்தால் நன்று. விரத உணவு என்ற பெயரில் வரும் ஜவ்வரிசிக் கிச்சடி, உருளைக்கிழங்கு, பழச்சாறு ஆகியவை சர்க்கரையை வேகமாக ஏற்றுபவை.

மூன்றாவது, பிரசாதம். பிரசாதம் என்பது அருள்; அருளுக்கு எடை கிடையாது. சர்க்கரைப் பொங்கலோ லட்டுவோ ஒரு சிட்டிகை எடுத்துக் கண்ணில் ஒற்றி வாயிலிட்டால் அதன் பலன் முழுமையாகவே கிடைக்கும்.

நான்காவது, நடை. பெரும்பாலோர்க்கு நாளொன்றுக்கு அரை மணி நேரம் போதும். நாமஜபத்தோடு நடந்தால் உடலுக்கும் உள்ளத்துக்கும் ஒருங்கே சாதனையாகும்.

ஐந்தாவது, சோதனை. இரத்தச் சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்வதால், எச்.பி.ஏ.1சி என்னும் சோதனை கடந்த மூன்று மாத நடத்தையைக் காட்டிவிடும். சோதனைக்கு முதல் நாள் மட்டும் பத்தியம் இருந்து அதை ஏமாற்ற இயலாது. ஆண்டுக்கொருமுறை கண், சிறுநீரகம், பாதம் ஆகியவற்றையும் பரிசோதிக்க வேண்டும்.

ஆறாவது, எச்சரிக்கை. இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுத்துக்கொண்டு பட்டினி கிடந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, மனக்குழப்பம் தோன்றினால், பூஜையின் நடுவே ஆயினும், உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் மீண்டும் ஒருமுறை குடித்து, பின் உணவு உண்ணுங்கள். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். விரதம் இருக்க விரும்புவோர் மருத்துவரைக் கலந்த பின்னரே முடிவு செய்ய வேண்டும். மருந்தின் அளவைத் தாமாகக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது.

வீட்டாரின் தர்மம்

கர்ப்பிணி தனியே இவ்விரதத்தை நோற்க முடியாது. நம் வீடுகள் பலவற்றில் அனைவரும் உண்ட பின், மிஞ்சியதைக் கடைசியாக உண்பவள் மருமகள். இதனை நற்பண்பு என்று புகழ்ந்தும் வந்திருக்கிறோம். கர்ப்பகாலத்தில் இவ்வழக்கம் தாய்க்கும் சேய்க்கும் தீங்கு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் 52 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்களாகக் காணப்பட்டனர். வீட்டில் அன்னபூரணியை வழிபட்டுக்கொண்டு, அன்னம் படைப்பவளைப் பசியோடு விடலாமா? கர்ப்பிணிக்கு முதலில் இலை போடுங்கள், அதுவே நைவேத்தியம்.

இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரைகளை அவர் தவறாமல் உண்கிறாரா என்று கணவர் கவனிக்கட்டும். அவற்றைத் தேநீரோடு விழுங்கினால் சத்து சரியாகச் சேராது. ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவ நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை செய்யும் திட்டம் 2016 முதல் நடைபெறுகிறது, துணைக்குச் செல்லுங்கள். கடும் தலைவலி, கண் மங்கல், முகவீக்கம், மேல்வயிற்று வலி தோன்றினால் இரத்த அழுத்தம் உயர்ந்திருக்கலாம். நல்ல நேரம் பார்த்துக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். முன்பே நீரிழிவு உள்ள பெண்கள் கருத்தரிக்கும் முன்னரே சர்க்கரையைக் கட்டுக்குள் கொணர வேண்டும். குழந்தையின் உறுப்புகள் முதல் சில வாரங்களிலேயே உருவாகத் தொடங்கிவிடுகின்றன.

பிரசவத்தோடு கடமை முடிவதில்லை. நஞ்சுக்கொடி வெளியேறியதும் பெரும்பாலோர்க்குச் சர்க்கரை இயல்புக்குத் திரும்பும். ஆயினும் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு அவர்களுக்கு மற்றவரைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே ஆறு வாரம் கழித்து ஒரு சோதனையும், பின்னர் ஆண்டுதோறும் ஒரு சோதனையும் அவசியம். தாய்ப்பால் ஊட்டுவது இருவருக்கும் நலம்.

ஒன்பது நாள் ஏடு

அந்த நாகபுரிப் பெண்மணி மறு ஆண்டு கைக்குழந்தையோடு வந்தார். என்னிடம் ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தை நீட்டினார். ஒன்பது நாட்களும் காலையிலும் மாலையிலும் அம்பாளுக்கு விளக்கேற்றிய நேரம் ஒரு பக்கம். உண்ட வேளையும் சர்க்கரை அளவும் மறுபக்கம். "இதைத்தான் அம்பாள் பாதத்தில் வைத்தேன், சுவாமிஜி" என்றார்.

பின்னால் நின்ற மாமியார் மெல்லக் கூறினார்: "இவளுக்குத் துணையாக மருத்துவமனைக்குப் போன இடத்தில் நானும் சோதித்துக்கொண்டேன். எனக்கும் சர்க்கரை இருக்கிறதாம். இப்போது மாலையில் இருவரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறோம்."

நான் பார்த்த விரத ஏடுகளில் அதுவே சிறந்தது என்று அவர்களிடம் சொன்னேன்.

அன்பர்களே, இவ்வுடல் நம் சொந்தச் சொத்து அன்று. சேவைக்காகவும் சாதனைக்காகவும் இறைவன் சில காலம் நம்மிடம் ஒப்படைத்த கருவி. பிறர் பொருளை நாம் எவ்வளவு கவனமாகத் திருப்பித் தருவோமோ, அவ்வளவு கவனத்தோடு இதையும் பேணுவோம். நாளை காலை மருந்தைக் கையில் எடுக்கும்போது, தீர்த்தம் வாங்குவதுபோல் ஒரு கணம் அவனை நினைத்து உட்கொள்ளுங்கள். கருவுற்ற தாய்மார் அனைவரும் நலமாகப் பிரசவிக்கவும், நோயுற்றோர் மனம் தளராது சிகிச்சை பெறவும் எல்லாம் வல்ல இறைவனைப் பிரார்த்திப்போமாக.